அண்ணன் பெயரில் ஒரு மூச்சு

உடையப்பன் ஒரு செம்புத் தண்ணீரைக் குடித்து முடிப்பதற்குள் இரண்டு தடவை செம்பை இறக்கி மூச்சு வாங்கினான். முத்துப்பேச்சி அடுப்படி நிலையில் சாய்ந்தபடி அண்ணனையே பார்த்துக்கொண்டிருந்தாள். திண்டுக்கல்லிலிருந்து ரெட்டியார்சத்திரம் வரைக்கும் சைக்கிள் மிதித்து வந்திருக்கிறான், இளைக்கத்தான் செய்யும். ஆனால் இது மிதித்து வந்த இளைப்பு மாதிரி தெரியவில்லை.

"திங்கக்கிழமைன்னா இப்பிடித்தான் பேச்சி," என்றான் அவனாகவே. "ஞாயித்துக்கிழமை லீவுல நல்லாத்தான் இருக்கேன். மறுநா உள்ள போயி பஞ்சைப் பிரிச்சேன்னா நெஞ்சு மேல யாரோ ஏறி ஒக்காந்த மாதிரி ஆயிருது. வாரக் கடைசிக்குள்ள சரியாயிரும்."

அவனுக்கு நூல் மில்லில் புளோ ரூம் வேலை. பஞ்சுப் பொதிகளைப் பிரித்து மிஷினில் போடுகிற இடம். அங்கே வேலை முடிந்து வெளியே வருகிற இளவட்டத்துக்குக்கூடப் புருவம் நரைத்த மாதிரி இருக்கும். வந்த விஷயத்தைச் சொல்ல உடையப்பன் கொஞ்சம் தயங்கினான். வாசல் பக்கம் எட்டிப் பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினான்.

"மதுரையில இருந்து டாக்டருங்க வந்துருக்காக. மூச்சை அளக்குற மிஷின் கொண்டாந்துருக்காக. தண்ணித் தொட்டிக்குள்ள ஒரு டப்பாவைக் கவுத்துப் போட்டு, அதுல இருந்து ரப்பர் குழாய் வருது. மூக்குல கவ்வி மாட்டி, குழாயில ஊதச் சொல்றாக. ஊத ஊத டப்பா மேல ஏறுது. எம்புட்டு ஏறுதோ அம்புட்டுத்தான் நம்ம மூச்சு."

"அளந்து?"

"என்னமோ ஆராய்ச்சிங்கிறாக. ஆனா மில்லுல வேற மாதிரி பேச்சு. கம்மியா ஊதுறவனையெல்லாம் கணக்குத் தீர்த்து வீட்டுக்கு அனுப்பிருவாகளாம்." உடையப்பன் செம்பைக் கீழே வைத்தான். "மாப்ள ஒருக்கா எனக்காக வந்து ஊதினா என்ன?"

மாப்பிள்ளை என்று அவன் சொன்னது முத்துப்பேச்சியின் புருஷன் பெருமாள்சாமியை. வெளியே தொட்டியடியில் நின்று, கிணற்று வேலையின் சேற்றைக் கால்களிலிருந்து கழுவிக்கொண்டிருந்தான். சுற்று வட்டாரத்தில் கிணறு வெட்டுகிற பெருமாள்சாமி என்றால் சிலருக்குத்தான் தெரியும்; சடுகுடு பெருமாள்சாமி என்றால் கன்னிவாடி வரைக்கும் தெரியும். கோட்டைத் தாண்டி எதிராளி களத்துக்குள் போனான் என்றால், மேலே விழுந்து அமுக்குகிறவர்களையும் இழுத்துக்கொண்டு, பாட்டு அறுபடாமல் திரும்பி வருவான். அவன் தம் பிடிப்பதைப் பார்த்துத்தான் கல்யாணத்துக்கு முன்னாலேயே முத்துப்பேச்சிக்கு அவன் மேல் ஒரு இது.

"நீயே கேளேண்ணே," என்றாள்.

"நான் எப்பிடிக் கேக்குறது? நீ கேளு."

அதற்குக் காரணம் உண்டு. தன் கொழுந்தியாள் கல்யாணப் பந்தியில், நாலு பேர் காதுபட உடையப்பன் ஒரு வார்த்தை சொல்லிவிட்டான்: 'எங்க வீட்டுப் பொண்ணைக் கல்லு ஒடைக்கிறவனுக்குக் குடுத்துட்டோம், என்ன செய்ய.' அன்றைக்குப் பெருமாள்சாமி இலையை மூடி வைத்துவிட்டு எழுந்து போனவன்தான். அதற்கப்புறம் மச்சானும் மாப்பிள்ளையும் நேருக்கு நேர் பேசிக்கொண்டது குறைவு.

முத்துப்பேச்சி கேட்டாள். பெருமாள்சாமி முதலில் சிரித்தான். "மில்லுக்காரருக்குக் கல்லு ஒடைக்கிறவன் மூச்சு வேணுமாக்கும்?" என்றான். அப்புறம் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, "சரி, எப்ப வரணும்னு கேட்டுச் சொல்லு," என்றான்.

ஏற்பாடு ஒன்றும் கஷ்டமாக இல்லை. டாக்டர்களுக்கு மில் ஆட்கள் யார் முகமும் தெரியாது. வாசலில் நின்று பெயர் கூப்பிடுகிற மரியசெல்வம் உடையப்பனுக்குச் சேக்காளி. உடையப்பனின் காக்கிச் சட்டையை மாட்டி, தலையில் கொஞ்சம் பஞ்சுத் தூசியைத் தூவிவிட்டால் பெருமாள்சாமியும் புளோ ரூம் ஆள்தான்.

போன அன்று மத்தியானமே திரும்பி வந்துவிட்டான்.

"என்னாச்சு?"

"ஊதுனேன். டப்பா ஏறுச்சு. சோத்தைப் போடு."

சோற்றைப் போட்டாள். பாதியில் கையைக் கழுவிவிட்டு எழுந்து போனான். அண்ணனுக்காகப் போய் நின்றது மனசுக்கு ஒப்பவில்லை போல என்று அவள் நினைத்துக்கொண்டாள். போகப் போகச் சரியாகிவிடும்.

மார்கழி பாதிகூடக் கழியவில்லை. உடையப்பன் மறுபடி வந்தான். இந்தத் தடவை சைக்கிளை ஸ்டாண்டு போடக்கூட இல்லை; வேலியில் சாத்திவிட்டு நேராக வாசலில் வந்து நின்றான்.

"எங்கடி ஒம் புருஷன்?"

பெருமாள்சாமி உள்ளே இருந்து வந்தான்.

"என்னை வேலையில எறங்கவிடாம நிப்பாட்டி வச்சுட்டான்யா மேனேஜரு! நெஞ்சைப் படம் புடிச்சுட்டுத்தான் வரணுமாம். மில்லு பூராவும் ஊதுனதுல அம்புட்டுப் பேருக்கும் கீழ நிக்கிறது உடையப்பந்தானாம். எங்கூட வேலை பாக்குற கெழவனெல்லாம் என்னைய விட நல்லா ஊதிருக்கான். ஊரெல்லாம் சடுகுடு ஆடுற ஆளு, ஒரு குழாயில ஊத மூச்சில்லையா? வேணும்னே விட்டுட்டு வந்துட்டீரு!"

"அண்ணே, அவரு அப்பிடிச் செய்வாரா?" என்று முத்துப்பேச்சி குறுக்கே வந்தாள். "நீங்க சொல்லுங்களேன். ஒழுங்காத்தானே ஊதுனீக?"

பக்கத்து வீட்டார் வேலிக்கு அந்தப் பக்கம் வந்து நின்றுவிட்டார்கள். பெருமாள்சாமி அவர்களை ஒரு தடவை பார்த்தான். பிறகு ஒவ்வொரு வார்த்தையாகச் சொன்னான்.

"ஆமா. வேணும்னுதான் ஊதலை. கல்லு ஒடைக்கிறவன்னு சொன்னீகள்ல? நெனப்பிருக்கா?"

உடையப்பன் வாயைத் திறந்தான். வசவு வரவில்லை, இருமல்தான் வந்தது. இருமி முடித்துத் துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டு, "இனிமே எம் வாசப்படியை நீயும் மிதிக்காத பேச்சி," என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனான்.

அன்றிலிருந்து புருஷன் பெண்டாட்டிக்குள் பேச்சு நின்றது. சோறு வைப்பாள், தண்ணி வைப்பாள், மகளை விட்டுக் கூப்பிடச் சொல்வாள். ஆள் கோபக்காரன்தான், அவளுக்குத் தெரியும். ஆனால் சொன்ன சொல்லுக்குத் துரோகம் செய்கிற ஆளோடா இத்தனை வருஷம் குடும்பம் நடத்தியிருக்கிறோம்? பூத்தோட்டத்தில் மல்லிகை எடுக்கும்போதும் இதே நினைப்புதான். கூட எடுக்கிற பெண்கள் ஏதாவது கேட்டால் 'ம்' கொட்டிவிட்டு நகர்ந்துவிடுவாள். அண்ணனைப் போய்ப் பார்க்கவும் முடியாது, வீட்டுக்குள் ஒரு வார்த்தை கேட்கவும் முடியாது.

பொங்கல் வந்தது. மாட்டுப் பொங்கல் சாயங்காலம் ஊர்க் கிணற்றுக்கு மேற்கே, அறுப்பு முடிந்த வயலில் சடுகுடு. எலெக்‌ஷன் நெருங்கிய வருஷம் என்பதால் சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பும் சின்னமுமாக இருந்தது. கூட்டமும் வழக்கத்தை விட அதிகம். பெருமாள்சாமி போகிற மாதிரி இல்லை. ஆனால் இளவட்டங்கள் வீட்டு வாசலுக்கே வந்து, "மாமா வராம ஆட்டமா?" என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விட்டார்கள்.

முத்துப்பேச்சி மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நின்றாள். அவனோடு பேச்சில்லை, ஆனாலும் கால் அங்கேதான் கொண்டுவந்து நிறுத்தியது.

பெருமாள்சாமி மண்ணைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டுக் கோட்டைத் தாண்டினான். 'சடுகுடு சடுகுடு' என்று பாட்டு கணீரென்று கிளம்பியது. கூட்டம் விசில் அடித்தது. முத்துப்பேச்சிக்கு அந்தப் பாட்டு அத்துப்படி. எந்த இடத்தில் ஏறும், எந்த இடத்தில் இறங்கும், எந்த இடத்தில் தொட்டுவிட்டுத் திரும்புவான் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்வாள். அன்றைக்குப் பாட்டு ஏற வேண்டிய இடத்தில் ஏறவில்லை. தேய்ந்தது. யாரும் அவன் பக்கத்தில்கூட வரவில்லை. அதற்குள் குரல் அறுந்து, வாய் மட்டும் அசைந்தது. அதற்கப்புறம்தான் எதிராளிகள் நாலு பேர் விழுந்து அமுக்கினார்கள்.

பிடிபட்டதால் பாட்டு அறுந்தது என்றுதான் ஊர் நினைத்தது. பாட்டு அறுந்ததால்தான் பிடிபட்டான் என்பதை அவள் ஒருத்தி பார்த்தாள்.

"என்ன மாமா இப்பிடி விட்டுட்டீக!" என்றான் அமுக்கினவர்களில் ஒருவன்.

பெருமாள்சாமி குனிந்து முழங்காலில் கையை ஊன்றிக்கொண்டு நின்றான். மூச்சு திரும்பச் செத்த நேரம் ஆனது. திரும்பியதும் சிரித்தான். "வேணும்னுதாம்ப்பா விட்டேன். நல்ல நாளும் அதுவுமா நீங்க ஜெயிங்கடா."

வேணும்னுதான் விட்டேன்.

முத்துப்பேச்சிக்கு நெஞ்சில் பொறி தட்டியது. இதே சொல்லைத்தானே அன்றைக்கும் சொன்னான்? வீட்டுக்குத் திரும்பும் வழியில் அவன் பின்னாலேயே நடந்தாள். ஓடை மேட்டில் ஏறும்போது வேட்டியை அவிழ்த்துக் கட்டுகிற சாக்கில் நின்றான். கொஞ்ச தூரம் போய், செருப்பில் முள் ஏறியிருக்கிறதா என்று பார்க்கிற சாக்கில் நின்றான். கொஞ்ச நாளாகவே இப்படித்தான் நடக்கிறான் என்பது அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. கோபம் கண்ணை மறைத்திருந்தது.

மறுநாள் காலையில் பூ எடுக்கப் போகவில்லை. திண்டுக்கல் பஸ் ஏறினாள். மில் வாசலில் மரியசெல்வத்தைப் பிடித்து, மூச்சு அளக்கிறவர்களை எங்கே பார்க்கலாம் என்று கேட்டாள். படம் பிடிக்க வேண்டிய ஆட்களுக்காக டாக்டர்கள் டவுன் ஆஸ்பத்திரியில் ஒரு அறை வாங்கியிருந்தார்கள். மரியசெல்வம் அங்கே கொண்டுபோய் விட்டுவிட்டு, "எம் பேரை மட்டும் இழுத்துறாதக்கா," என்று சொல்லி நழுவினான்.

அறையில் இருந்தது டாக்டர் நர்கீஸ் என்ற பெண். முத்துப்பேச்சியைவிட ரொம்ப மூத்தவள் இல்லை. உடையப்பனின் தங்கச்சி என்றதும், "ஏன் அவர் படம் எடுக்க வரவே இல்லை?" என்று கடுகடுத்தாள்.

"அன்னைக்கு ஊதுனது எங்கண்ணன் இல்லம்மா. என் வீட்டுக்காரரு."

டாக்டரின் முகம் சிவந்தது. "என்ன விளையாட்டு இது? ஒவ்வொருத்தர் மூச்சையும் இவ்வளவு கஷ்டப்பட்டு அளக்கிறோம். ஆள் மாத்தி ஆள் வந்து ஊதினா இதுக்கு என்னம்மா அர்த்தம்?"

டாக்டர் பேசிக்கொண்டே வந்தவள் சட்டென்று நிறுத்தினாள். ஏதோ ஞாபகம் வந்த மாதிரி பேனாவை மூடினாள்.

"உங்க வீட்டுக்காரருக்கு என்ன வேலை?"

"கெணறு வெட்டு. பாறையில கம்ப்ரசர் வச்சுத் துளை போடுவாரு."

"எத்தனை வருஷமா?"

"எம் மக பொறக்குறதுக்கு முன்னாடி இருந்தே."

"அன்னைக்கே கேட்டேன். நெஞ்சில வச்சுப் பார்த்துட்டு, கல்லு வேலை எதுவும் பார்த்திருக்கீங்களான்னு கேட்டேன். இல்லவே இல்லை, பஞ்சு வேலைதான்னு சாதிச்சார்."

முத்துப்பேச்சி கேட்க வந்ததைக் கேட்டாள். "அவரு வேணும்னே கொறைச்சு ஊதிருப்பாராம்மா?"

நர்கீஸ் அவளை நிமிர்ந்து பார்த்தாள். குரல் தணிந்துவிட்டது. "ஒரு தரம் ஊதிட்டு, டப்பா நின்ன இடத்தைப் பார்த்தார். குழாயில ஓட்டை இருக்கான்னு கேட்டார். நானே ஊதிக் காட்டினேன். மறுபடி ஊதினார். மறுபடியும் அதே இடம். அப்புறம் நான் சொல்லாமலே குழாயை வாங்கி, கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும் ஊதினார். வேணும்னு குறைச்சு ஊதறவர் அப்படி ஊத மாட்டாரும்மா."



ரெண்டு பேரையும் கூட்டி வரச் சொன்னாள் டாக்டர். அண்ணன் வாசப்படியை மிதிக்காதே என்று சொன்னவன்தான்; முத்துப்பேச்சி மிதித்தாள். கட்டிலில் படுத்திருந்த உடையப்பன் எழுந்து உட்கார்ந்து எல்லாவற்றையும் கேட்டான்.

"அப்பறம் ஏன் வேணும்னு ஊதலைன்னு சொன்னாரு? மூச்சில்லைன்னு சொல்லிருக்கலாம்ல?"

"ஒங்கிட்டயா? அத்தனை பேரு முன்னாடியா?" என்றாள் முத்துப்பேச்சி. "மூச்சில்லாதவன்னு பேரு வாங்குறதுக்கு, துரோகின்னு பேரு வாங்குறது அவருக்கு லேசாப் பட்டுருக்குண்ணே."

உடையப்பன் சட்டையை எடுத்து மாட்டினான்.

ஆனால் பெருமாள்சாமி லேசில் மசியவில்லை. வீட்டில் பெரிய ரகளை. "யாரைக் கேட்டுடி டவுனுக்குப் போன? காண்ட்ராக்டர் கருப்பணன் காதுல விழுந்தா நாளைக்கே என்னைக் கெணத்துல எறக்க மாட்டான். என்னத்தைத் தின்பீக?"

"எறக்கவே வேணாம். நான் பூ எடுக்கிறேன்."

"பூ எடுத்து மூணு வயிறு நெறையுமா?" என்று கத்த வந்தவனுக்குப் பாதியில் குரல் நின்றது. சுவரைப் பிடித்துக்கொண்டான். உடையப்பன் பக்கத்தில் போனான். தோளில் கை வைக்கலாமா என்று தெரியாமல் கையைத் தூக்கித் தூக்கி இறக்கினான்.

"மாப்ளே, அன்னைக்குப் பந்தியில நான் பேசுனது தப்பு. ஊதப் பயந்துக்கிட்டுத்தான் ஒங்களை அனுப்புனேன். நாளைக்கு நான் மொதல்ல ஊதுறேன். நீங்களும் வாங்க."

பெருமாள்சாமி சரி என்று சொல்லவில்லை. ஆனால் காலையில் குளித்துவிட்டு நின்றான்.

முத்துப்பேச்சி அந்த மிஷினை அப்போதுதான் பார்த்தாள். அண்ணன் சொன்ன மாதிரியேதான் இருந்தது. பக்கவாட்டில் ஒரு சங்கிலி, அதில் அளவு காட்டுகிற ஒரு முள். உடையப்பன் ஊதினான். டப்பா அசைந்து அசைந்து பாதிக்கு மேல் ஏறி நின்றது. "குறைஞ்சுதான் இருக்கு," என்றாள் டாக்டர். "ஆனா பஞ்சுத் தூசியை விட்டு வெளியே வந்துட்டா இதுக்கு மேல ரொம்பக் கெடாது. வேற பகுதிக்கு மாத்தச் சொல்லி நானே மேனேஜர்கிட்ட பேசறேன்."

பிறகு பெருமாள்சாமி. மூக்கில் கவ்வியை மாட்டியதும் அவன் முகம் வேறு யாரோ மாதிரி ஆகிவிட்டது. மார்பு விரிய இழுத்தான். வெளியிலிருந்து பார்த்தால் அந்த மார்புக்குள் ஒரு ஊருக்கே காற்று இருக்கும் என்று தோன்றும். ஊதினான். டப்பா கொஞ்சம் எழும்பியது. இன்னும் கொஞ்சம். கழுத்து நரம்பெல்லாம் புடைத்தது. டப்பா அங்கேயே நின்றது. 'ஊதுங்க, ஊதுங்க' என்று டாக்டர் சொல்லச் சொல்ல முள் அசையவே இல்லை. முத்துப்பேச்சி தன்னை அறியாமல் தன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

கவ்வியைக் கழற்றிவிட்டு அவன்தான் கேட்டான். "இம்புட்டுத்தானா?"

நெஞ்சைப் படம் பிடித்ததில் இரண்டு பக்கமும் மணலைத் தூவின மாதிரி வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. டாக்டர் வெளிச்சத்தில் தூக்கிக் காட்டினாள். "இதெல்லாம் கல்லுப் பொடி. மூச்சோட உள்ளே போனது, அங்கேயே தங்கிடுச்சு."

"மருந்து குடுங்கம்மா. எம்புட்டு நாளானாலும் சாப்புடுறேன்."

"இதை எடுக்க மருந்து கிடையாதுங்க. இனிமே புதுசா உள்ளே போகாம பார்த்துக்கலாம். அவ்வளவுதான் நம்ம கையில இருக்கு."

வெளியே வந்தார்கள். ஒலிபெருக்கி கட்டின எலெக்‌ஷன் கார் ஒன்று ஓட்டுக் கேட்டுக்கொண்டே தெருவைக் கடந்தது. பெருமாள்சாமி அது மறைகிற வரைக்கும் பார்த்துக்கொண்டு நின்றான். "அவனுக்கு இருக்க மூச்சைப் பாரு," என்றான். உடையப்பன் சிரிக்கப் பார்த்தான், சிரிப்பு வரவில்லை.

உடையப்பனை நூல் மூட்டை கட்டுகிற பகுதிக்கு மாற்றினார்கள். சம்பளம் குறைவுதான், ஆனால் திங்கட்கிழமைகள் முன்னைப் போல இல்லை. பெருமாள்சாமிக்கு மாற்றிப் போட வேறு பகுதி எது? பாறைதான் பகுதி. எத்தனையோ சொல்லியும் கேட்காமல், வேறு வழியும் தெரியாமல், மாசிக் கடைசி வரை கிணற்றில் இறங்கிக்கொண்டுதான் இருந்தான். ஒரு நாள் ஏறி வரும்போது பாதி ஏணியில் நின்றுவிட்டான். மேலேயும் வர முடியவில்லை, கீழேயும் போக முடியவில்லை. கயிறு கட்டித் தூக்கினார்கள். அதற்கப்புறம் கருப்பணன் அவனை மேலேயே நிறுத்தி, கம்ப்ரசர் எஞ்சினைப் பார்த்துக்கொள்ளச் சொன்னான். பாதிக் கூலி.

வெயில் ஏறின ஒரு சித்திரை மத்தியானம். கன்னிவாடிப் பக்கம் ஒரு தோட்டத்தில் வேலை. முத்துப்பேச்சி தூக்குச் சட்டியில் கஞ்சி கொண்டுபோனாள். தூரத்திலேயே கிணற்றுக்குள்ளிருந்து வெள்ளையாகப் புழுதி எழுந்து வருவது தெரிந்தது. பெருமாள்சாமி கிணற்று விளிம்பில் மண்டியிட்டு உள்ளே பார்த்துக் கத்திக்கொண்டிருந்தான்.

"பொம்மையா! தண்ணிய ஊத்துடா! துளைக்குள்ள தண்ணிய ஊத்திக்கிட்டே போடு!"

கீழே துளை போட்டுக்கொண்டிருந்தவன் பொம்மையன். கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகாதவன். எஞ்சின் சத்தத்தில் அவனுக்கு ஒன்றும் கேட்கவில்லை. பெருமாள்சாமி மறுபடி கத்தினான். குரல் பாதியில் உடைந்து இருமலானது. இருமிக்கொண்டே எழுந்து போய் எஞ்சினை நிறுத்தினான். எஞ்சின் சுற்றுகிற இரும்புக் கைப்பிடியைக் கையில் எடுத்துக்கொண்டு கல்லின் மேல் உட்கார்ந்தான்.

திடீரென்று வந்த அமைதியில் வேப்ப மரத்தடியில் படுத்திருந்த கருப்பணன் துள்ளி எழுந்தான். "எவன்லே நிப்பாட்டுனது?"

"நாந்தான். தண்ணி ஊத்திப் போடட்டும். டவுன் ஆஸ்பத்திரியில கேட்டேன். ஈரத்துல பொடி பறக்காதாம்."

"தண்ணி ஊத்துனா சேறாகும், துளை எறங்காது. பொழுது சாயிறதுக்குள்ள வெடி வைக்கணும். கைப்பிடியக் குடு!"

"ஊத்தட்டும். குடுக்குறேன்."

கருப்பணன் கைப்பிடியைப் பிடுங்கப் போனான். பெருமாள்சாமி அதை மடியோடு அணைத்துக்கொண்டான். இழுக்கிறவனை எதிர்க்கிற பலம் அவனிடம் இல்லை என்று முத்துப்பேச்சிக்குத் தெரியும். தூக்குச் சட்டியைக் கீழே வைத்துவிட்டு இரண்டு பேருக்கும் நடுவில் போய் நின்றாள். கருப்பணன் பொம்பளை மேல் கை படக்கூடாதென்று பின்வாங்கினான்.

கிணற்றுக்குள்ளிருந்து பொம்மையனின் குரல் வந்தது. "என்னண்ணே, ஏன் நின்னுபோச்சு?"

பெருமாள்சாமியால் பதில் சொல்ல முடியவில்லை, மூச்சு வாங்கிக்கொண்டிருந்தான். முத்துப்பேச்சிதான் விளிம்புக்குப் போய்க் குனிந்து சொன்னாள். "தம்பி, தண்ணி எறக்குறேன். அதை ஊத்திக்கிட்டே போடுவியாம். ஒங்க அண்ணன் சொல்றாரு."

"சேறாகுமேக்கா!"

"ஆனா ஆகட்டும்ப்பா."

தண்ணீர் வாளியில் கயிறு கட்டி இறக்கினாள். கீழே தண்ணீர் சலசலத்தது. பெருமாள்சாமி கைப்பிடியை நீட்டினான். அவனால் எஞ்சினைச் சுற்ற முடியாதென்று கருப்பணனுக்கும் தெரியும். வைதுகொண்டே தானே மாட்டிச் சுற்றினான். எஞ்சின் பிடித்துக்கொண்டது.

கருப்பணன் மறுநாள் வர வேண்டாம் என்று சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. பெருமாள்சாமி மறுநாளும் வேலைக்குப் போனான்.